வணிகன் வீடு எங்கே?

சில ஆண்டுகளுக்கு முன் முதுகலை மாணவர்களைச் செட்டிநாட்டுப் பகுதிக்கு அழைத்துச் சென்றிருந்தேன். ஒரு பெரிய வீட்டின் வளவில் நின்றபடி, "ஐஞ்ஞூற்றுவர் காலத்து வணிகர் மனைகளும் ஏறத்தாழ இப்படித்தான் இருந்திருக்கும்" என்று சொல்லிவிட்டேன். மாணவி ஒருத்தி தூணைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இது பர்மாத் தேக்கு என்றீர்களே ஐயா, சோழர் காலத்திலும் அங்கிருந்து வீட்டுக்கு மரம் வந்ததா?" என்று கேட்டாள். என்னிடம் விடையில்லை. அந்த வீடுகள் பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்கும் 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்கும் இடையே எழுந்தவை. அவற்றுக்கும் 11ஆம் நூற்றாண்டு வணிகனுக்கும் நடுவே எண்ணூறு ஆண்டுகளுக்கு மேல் கிடக்கின்றன. அன்று செய்த பிழையைத் திருத்திக்கொள்ளும் முயற்சியே இக்கட்டுரை.

இலக்கியம் பயின்றவர்கள் இப்பிழையில் எளிதாக விழுந்துவிடுகிறோம். மாசாத்துவான் மகனும் மாநாய்கன் மகளும் நெடிய மாடத்தின் இடைநிலையில் அமர்ந்திருக்க, சாளரத்தின் வழியே தென்றல் நுழையும் சிலப்பதிகாரக் காட்சி நம் மனத்தில் ஆழப் பதிந்திருக்கிறது. வணிகன் என்றால் மாடமாளிகை என்று கொண்டுவிடுகிறோம். ஆனால் காப்பியம் காட்டும் மாடத்தைப் பிற்காலச் சோழர், பாண்டியர் காலத்து மண்ணில் தேடினால் ஏமாற்றமே மிஞ்சுகிறது. அக்காலத்து வணிகர் வீடு என்று சுட்டிக்காட்ட ஒன்றுகூட முழுமையாக நிற்கவில்லை.

தெருக்களின் பெயர்கள் கிடைக்கின்றன. தஞ்சைப் பெரியகோயில் கல்வெட்டுகளில் வீரசோழப் பெருந்தெருவும் திரிபுவனமாதேவிப் பேரங்காடியும் வருகின்றன. அங்கே வணிகர்கள் வாழ்ந்தார்கள், பொருள் விற்றார்கள். அவர்கள் வீட்டுக்கு எத்தனை கட்டு, கூரை ஓடா ஓலையா என்பதைப் பற்றி அக்கல்வெட்டுகளுக்குக் கவலையில்லை. வணிகன் வீடு கிடக்கட்டும், அரசன் வீட்டின் கதி என்ன? கங்கைகொண்ட சோழபுரத்து மாளிகைமேட்டில் 1980 முதல் நடந்த அகழாய்வுகளில் கிடைத்தவை செங்கல் அடித்தளங்கள், கூரை ஓடுகள், இரும்பு ஆணிகள். கடல் கடந்து படை செலுத்திய அரசனின் அரண்மனையே இவ்வளவுதான் எஞ்சியது. மரமும் செங்கல்லும் ஓடும் கொண்டு கட்டியவற்றை மழையும் கரையானும் ஒருபுறம் அழித்தன. பிற்காலத்தார் செங்கல்லைப் பெயர்த்து வேறு கட்டடங்களுக்குக் கொண்டுபோனது மறுபுறம்.

ஆனால் கட்டுமானப் பொருள் மட்டுமே காரணமா? இவ்விடத்தில் சாசனங்கள் வேறொன்றையும் சொல்கின்றன. பல்லவர், சோழர் காலச் செப்பேடுகள் பலவற்றில், தானம் பெற்றவர்கள் சுட்ட செங்கல்லால் மாடமும் மாளிகையும் எடுத்துக்கொள்ளலாம் என்பது ஓர் உரிமையாகவே எழுதப்பட்டுள்ளது. கிணறு தோண்டுவது, தென்னை வைப்பது போன்ற உரிமைகளோடு அதுவும் ஒன்று. கொங்குநாட்டில் கம்மாளர்களுக்குக் கோனேரின்மைகொண்டான் என்ற பட்டப்பெயருடன் அரசன் வழங்கிய ஆணையொன்று கரூரில் கல்லில் இருக்கிறது. நன்மை தீமைகளுக்கு இரட்டைச் சங்கு ஊதலாம், வெளியே செல்லும்போது செருப்பு அணியலாம், வீடுகளுக்குச் சாந்து பூசிக்கொள்ளலாம் என்கிறது அது. தன் வீட்டுச் சுவருக்குத் தானே சாந்து பூச அரசாணை வேண்டியிருந்தது!

வணிகருக்கு நேராக வருவோம். சேரமன்னன் பாஸ்கர ரவி கி.பி. 1000 அளவில் முயிரிக்கோட்டிலிருந்து யூத வணிகத் தலைவர் யோசேப்பு ரப்பானுக்கு வழங்கிய செப்பேட்டில் பகல்விளக்கு, பாவாடை, பல்லக்கு, குடை ஆகியவற்றோடு, வாயில் என்று பொருள் கொள்ளப்படும் இடுபடியும் தோரணமும் இடம்பெறுகின்றன. பொன் இருந்தால் போதாது; அதை வீட்டு வாசலில் காட்டிக்கொள்ளும் தகுதியும் அரசனிடமிருந்து வரவேண்டியிருந்தது.

இதைக்கொண்டு எல்லா வணிகர்க்கும் மாடி வீடு மறுக்கப்பட்டிருந்தது என்று முடிவு கட்டிவிடலாகாது. மேற்சொன்ன செப்பேடுகள் பெரும்பாலும் பிராமண ஊர்களையும் கோயில் நிலங்களையும் பற்றியவை. கரூர் ஆணை கைவினைஞருக்கு உரியது. வீட்டின் உயரமும் சுவரின் பூச்சும் வாசலின் அலங்காரமும் செல்வத்தை மட்டுமல்லாமல் சமூகத் தகுதியையும் பொறுத்தவையாக இருந்தன என்ற அளவுக்கு இவற்றிலிருந்து உறுதியாகச் சொல்லலாம்.

அப்படியானால் வணிகரின் பொருள் எங்கே கட்டடமாயிற்று? தாய்லாந்தின் தகுவாபாவில் 9ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒரு குளத்தைக் குறிப்பிடுகிறது. அதன் பெயர் அவனிநாரணம், காவல் மணிக்கிராமத்தாருடையது. சீனத்தின் சுவான்சௌ துறைமுகத்தில் 1281இல் தமிழிலும் சீனத்திலும் எழுதப்பட்ட கல்வெட்டு ஒரு சிவன் கோயிலைச் சொல்கிறது. என்னை மிகவும் கவர்ந்தது பர்மாவின் பகானில் கிடைத்த 13ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு. கொடுங்கல்லூரான மகோதயர்பட்டினத்திலிருந்து போன குலசேகர நம்பி என்ற வணிகர், அங்கிருந்த நானாதேசி விண்ணகரத்துக்கு ஒரு மண்டபமும் ஒரு கதவும் ஒரு நிலைவிளக்கும் கொடுத்திருக்கிறார். மண்டபம், கதவு, விளக்கு! ஒரு மனிதன் தன் வீட்டுக்குத் தேடிச் சேர்ப்பவை இவையல்லவா? கொடுங்கல்லூரில் அவர் வீடு எப்படி இருந்தது என்று எவருக்கும் தெரியாது. அயல்நாட்டில் அவர் வைத்த கதவைப் பற்றி இன்றும் படிக்கிறோம்.

இதை வெறும் பக்தி என்று ஒதுக்கிவிட முடியாது. திசையாயிரம் போகும் வணிகன் எந்த ஊரிலும் வந்தேறிதான். வீடு கட்டினால் அது அவனுக்கு மட்டும் உரியது. கோயிலுக்கு மண்டபம் எடுத்தால் ஊரில் ஓர் இடம் கிடைக்கிறது. குழுவின் பெயர் கல்லில் ஏறுகிறது. பின்னால் வரும் தன்னூர்க்காரனுக்கு ஒதுங்க நிழல் இருக்கிறது. நிலைத்த கல்லில் செய்த முதலீடு அது என்பதே என் எண்ணம்.

அந்த மாணவிக்கு இன்று விடை சொல்வதானால், செட்டிநாட்டிலிருந்து அதிகத் தொலைவில்லாத பிரான்மலைக்கு அழைத்துச் செல்வேன். உப்பு, நெல், மிளகு, பாக்கு என்று விற்கும் ஒவ்வொரு பொருளிலும் கோயிலுக்கு இவ்வளவு என்று பல ஊர் வணிகர்கள் கூடி ஒப்புக்கொண்ட கல்வெட்டு அங்கே இருக்கிறது. "நீ தேடிய வணிகர் கட்டடம் இதுதான் அம்மா, ஆனால் இதில் அவர்கள் குடியிருக்கவில்லை" என்று சொல்வேன். அடுத்த கல்விச் சுற்றுலாவை அங்கேதான் வைத்திருக்கிறேன்.