முத்துக்குளிப்பும் கணக்குப்பிள்ளையும்

முத்தைப் பற்றி நம் புலவர்கள் நிறையப் பாடியிருக்கிறார்கள். முத்துக் கணக்கைப் பற்றி ஒருவரும் பாடவில்லை. அதில் வியப்படைய ஒன்றுமில்லை. கணக்கு பாட்டுக்கு ஒத்துவராத சரக்கு. ஆனால் பொருநை கடலில் கலக்கும் அந்தக் கரையின் கதையைச் சற்றுக் கிளறிப் பார்த்தால், முத்தெடுத்தவனுக்குப் பக்கத்திலேயே எண்ணிக்கை போடுபவன் ஒருவன் இரண்டாயிரம் ஆண்டுகளாக நின்றுகொண்டிருப்பது தெரியும். இவன் யாருக்காக எண்ணினான் என்பதுதான் கேள்வி.

கொற்கை இன்று ஒரு சிற்றூர். கடல் அதை விட்டுப் பல கிலோமீட்டர் விலகிப் போய்விட்டது. ஆறு கொண்டுவந்து குவித்த வண்டல்தான் அதற்குக் காரணம். 1968-69-இல் தொல்பொருள் துறையினர் அங்கே தோண்டியபோது, அறுத்த சங்குகளும் சங்குத் துண்டுகளும் கிடைத்தன. பாண்டியர்களின் துறைமுகமாக அது விளங்கிய நாளில், கி.பி. முதல் நூற்றாண்டில், செங்கடல் வழியாக வந்த கிரேக்க வணிகர்களுக்காக எழுதப்பட்ட ஒரு கடற்பயணக் குறிப்பு கொற்கையின் முத்துக்குளிப்பைச் சொல்கிறது. அங்கே கடலில் இறங்கியவர்கள் தண்டனை பெற்ற குற்றவாளிகள் என்கிறது அது. மன்னனுடைய மார்பில் கிடந்த முத்து மாலைக்கும் கைதியின் மூச்சுக்கும் இருந்த உறவை ஓர் அன்னிய நாட்டுக்காரன்தான் நமக்கு எழுதிவைத்தான்!

கௌடில்யரின் அர்த்தசாஸ்திரத்திலும் இந்த விஷயம் வருகிறது. முத்து கிடைக்கும் இடங்களின் பட்டியலில் தாமிரபரணியின் பெயர் இருக்கிறது. அந்தப் பெயர் இலங்கைக்கும் வழங்கியதுண்டு. ஆகவே நம் ஆறுதான் அது என்று சண்டைக்கு நிற்க வேண்டாம். நமக்கு வேண்டியது வேறு. சங்கும் முத்தும் எடுப்பவர்கள் அரசாங்கப் படகில் போனால் வாடகை கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் சொந்தப் படகில் போகலாம் என்று அந்நூல் விதிக்கிறது. கடலுக்குள் கிடக்கும் சிப்பிக்கும் கரையில் சட்டம் எழுதும் வழக்கம் அவ்வளவு பழையது.

பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ காயலுக்கு வந்தான். பழைய காயல் என்று நாம் இன்று அழைக்கும் அதே ஊர். இந்தக் கடலின் முத்துக்குளிப்பைப் பற்றி அவன் எழுதியிருப்பது படிக்கச் சுவையானது. கிடைத்த முத்தில் பத்தில் ஒரு பங்கு மன்னனுக்கு. இருபதில் ஒரு பங்கு, சுறா மீன்களை மந்திரத்தால் கட்டிவைக்கும் அந்தணர்களுக்கு. அந்த மந்திரத்துக்குப் பகலில் மட்டுமே வேலை. மாலையானதும் கட்டை அவிழ்த்துவிடுவார்களாம். இரவு முழுவதும் மீன்கள் தம் இஷ்டப்படி திரியலாம்.

இதைப் படித்துவிட்டு அந்தக் காலத்து மூடநம்பிக்கை என்று சிரித்துவிடலாம். ஆனால் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். இரவில் கட்டு இல்லை என்றால், இரவில் எவன் கடலில் இறங்குவான்? திருட்டுத்தனமாகச் சிப்பி எடுக்க நினைப்பவனுக்கு இதைவிடக் கெட்டியான பூட்டு வேறு வேண்டுமா? போலீஸ்காரனும் படகும் இல்லாத காலத்தில், 'பொழுது சாய்ந்தபின் குளிக்கக் கூடாது' என்ற விதியைக் காப்பாற்ற ஒரு சுறாவே போதுமானதாக இருந்தது. 'கடல் கட்டி' என்று பெயர் பெற்ற இந்த மந்திரக்காரர்களை மன்னார்க் கடலில் ஐரோப்பியத் துரைமார்களும் நீண்ட காலம் விட்டுவைத்தார்கள். கடல் கட்டி இல்லாமல் குளியாளி தண்ணீரில் கால் வைக்க மாட்டான் என்பது அவர்களுக்குத் தெரியும்.

பதினாறாம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் வந்தார்கள். 1658-இல் தூத்துக்குடி டச்சுக்காரர் கைக்குப் போயிற்று. டச்சுக்காரர் வியாபாரிகள், எதையும் எண்ணாமல் விடமாட்டார்கள். குளியாளி கடலடிக்கு விரைவாக இறங்குவதற்குக் கயிற்றில் கட்டிய ஒரு கல்லைப் பயன்படுத்துவான். அந்தக் கல்லையே வரிக்கு அளவாக வைத்தார்கள். இத்தனை கல்லுக்கு இவ்வளவு வரி. மதுரை நாயக்கருக்கு இத்தனை கல், இராமநாதபுரம் சேதுபதிக்கு இத்தனை கல், பரதவர் தலைவர்களான பட்டங்கட்டிகளுக்கு இத்தனை கல் என்று வரியில்லாத 'சும்மா கற்கள்' வேறு. ஒரு கருங்கல் துண்டு தலைவரியாகவும், மானியமாகவும், மரியாதையாகவும் மாறிய விந்தை இது.

1700-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தமிழ்நாட்டில் இருந்த மார்ட்டின் என்ற பிரெஞ்சுப் பாதிரியார் டச்சுக்காரரின் முறையை ஒரு கடிதத்தில் விவரித்திருக்கிறார். முதலில் சில படகுகளை அனுப்பிச் சில ஆயிரம் சிப்பிகளை எடுத்து வரச் சொல்வார்கள். ஆயிரம் ஆயிரமாகத் திறந்து, கிடைத்த முத்துக்கு விலை போடுவார்கள். விலை தேறினால்தான் அந்த ஆண்டு குளிப்பு உண்டு. இல்லையென்றால் கடலுக்கு ஓய்வு.

பிரிட்டிஷ் சர்க்கார் இதையே விரிவாக்கியது. சிப்பிப் படுகைகளுக்குப் 'பார்' என்று பெயர். ஒவ்வொரு பாராகப் பார்வையிட்டு, சிப்பியின் வயதையும் அளவையும் குறித்துக்கொள்வார்கள். முத்துச் சிப்பிக்கு ஆயுள் ஐந்தாறு ஆண்டுகள்தான். நாலாவது ஆண்டுக்கு முன்னால் எடுத்தால் முத்து சிறுத்திருக்கும். காலம் கடந்தால் சிப்பி செத்து, முத்து மணலோடு போகும். மாதிரிச் சிப்பிகளின் மதிப்பு தெரிந்த பிறகு அறிவிப்பு வெளிவரும். வெறும் மணற்கரையில் ஓலைக் கொட்டகைகள் எழும்பி, ஒரு வாரத்தில் ஓர் ஊரே முளைத்துவிடும்.

படகுகள் நடுநிசிக்குப் பிறகு கரைக்காற்றில் புறப்பட்டு, பிற்பகலில் கடற்காற்றில் திரும்பும். ஐந்து முதல் பத்துப் பாகம் ஆழத்தில், ஒரே மூச்சில், ஏறத்தாழ ஒரு நிமிஷ நேரம் குளியாளி சிப்பிகளை வாரிக் கூடையில் போட்டுக்கொள்வான். மேலே கயிறு பிடிப்பவன் மைத்துனனாக இருக்க வேண்டும், தங்கையின் தாலிக்காகவாவது கையை நழுவ விடமாட்டான் என்று நம் பக்கத்தில் ஒரு பேச்சு உண்டு. சட்டப் புத்தகத்தில் இல்லாத சட்டம் அது.

கரைக்கு வந்ததும் கணக்குப்பிள்ளையின் ராஜ்யம் ஆரம்பமாகும். படகு கொண்டுவந்த சிப்பிகளைக் குளியாளிகளே மூன்று சமக் குவியல்களாகப் போட வேண்டும். அதிகாரி தம் விருப்பப்படி இரண்டு குவியல்களைக் காட்டுவார், அவை சர்க்காருக்கு. மிச்சம் ஒன்று உயிரைப் பணயம் வைத்தவனுக்கு. பங்கு போடுபவன் ஒருவன், எடுப்பவன் மற்றவன். வீட்டில் குழந்தைகளுக்கு நாம் பலகாரம் பங்கிடும் நீதிதான்! இங்கே ஒரு குழந்தைக்கு மட்டும் இரண்டு பங்கு. பிறகு எண்ணிக்கை, அதன்பின் மாலையில் ஆயிரம் சிப்பி இன்ன விலை என்று ஏலம். உள்ளே முத்து இருக்கிறதா என்பது வாங்குகிறவனுக்கும் தெரியாது, விற்கிறவனுக்கும் தெரியாது.

இத்தனை விதிகளும் எதற்காக? சிப்பியின் மேல் இருந்த கருணையினாலா? இல்லை. அரசனுடைய பங்கு குறையக் கூடாது, கம்பெனியின் பங்கு குறையக் கூடாது, குளியாளி மடியில் ஒன்றை மறைத்துக்கொண்டு போய்விடக் கூடாது. சந்தேகத்தில் பிறந்த விதிகள் இவை. ஆனாலும் சந்தேகத்தின் வயிற்றில் ஒரு நல்ல பிள்ளை பிறந்துவிட்டது. எண்ணிப் பார்க்காமல் யாரும் இறங்கக் கூடாது என்ற கட்டுப்பாட்டினால், முற்றாத சிப்பிகள் தப்பித்தன. தூத்துக்குடியில் 1889, 1890, 1900, 1908 என்று ஆண்டுகள் இடைவெளி விட்டே குளிப்பு நடந்தது. 1926 முதல் 1928 வரை மூன்று ஆண்டுகள். அதற்குப் பிறகு 1955 வரை குளிப்பே இல்லை. இருபத்தேழு ஆண்டுக் காலம் கடலைப் பார்த்துவிட்டு, 'இன்னும் ஆகவில்லை' என்று திரும்பி வருவதற்கும் ஒரு பொறுமை வேண்டும் அல்லவா?

சங்கின் கதை இன்னும் தெளிவானது. வங்காளத்துச் சுமங்கலிகளின் கைவளைக்காகத் தூத்துக்குடிச் சங்குகள் கப்பலேறின. சங்கு குளிப்பதும் சர்க்காரின் ஏகபோகமாக இருந்தது. கரையில் அதிகாரியின் கையில் வட்டத் துளையிட்ட ஓர் அளவு பலகை இருக்கும். துளை ஏறக்குறைய இரண்டேகால் அங்குலம். அதற்குள் நுழைந்து வெளியே வரும் சங்கு சிறிய சங்கு. அதை உயிரோடு கடலில் திரும்பப் போட்டுவிட வேண்டும். சென்னை மீன்வளத் துறையில் பணியாற்றிய ஜேம்ஸ் ஹார்னெல் இந்தச் சங்கைப் பற்றி 1914-இல் ஒரு தனி நூலே எழுதினார். என் எண்ணத்தில், அந்தக் கரையில் பிறந்த விதிகளில் மிக உயர்ந்தது இந்தத் துளைதான். நாளைக்குப் பிறக்கப்போகிறவனுக்கும் இந்தக் கடலில் பங்கு உண்டு என்று ஒரு மரப்பலகை சொல்கிறது.

இதே பலகையை உலகத்தின் மறுகோடியிலும் காணலாம். வட அமெரிக்காவின் மேற்குக் கரையில், ஓடும் படகிலிருந்து தூண்டில் கயிறுகளை இழுத்துச் சென்று சால்மன் மீன் பிடிக்கிறார்கள். தென்கிழக்கு அலாஸ்காவில் 'ராஜ சால்மன்' என்ற பெரிய இனம் 28 அங்குலத்துக்குக் குறைந்திருந்தால் அதைக் கடலில் விட்டுவிட வேண்டும். கரையில் விற்கும் மீனுக்கெல்லாம் சீட்டு எழுதிச் சர்க்காருக்குக் கொடுக்க வேண்டும். மீன் நாட்டு எல்லை பார்த்து நீந்துவதில்லையாதலால், அமெரிக்காவும் கனடாவும் 1985-இல் ஓர் உடன்படிக்கையே செய்துகொண்டன. அங்கே உள்ள மீனவனும் சீட்டு எழுதும்போது முணுமுணுக்கத்தான் செய்வான். குனிந்து நிமிரும் இடுப்புக்குக் காகிதம் எப்போதும் பாரம்தான்.

நம் கடலுக்கு வருவோம். 1955-இல் தொடங்கிய குளிப்பு 1961-இல் முடிந்தது. அதன்பிறகு பழைய முறையில் தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு நடக்கவே இல்லை. சூரன் என்ற சிறு சிப்பியினம் பார்களை மூடிவிடுவதுண்டு. திருக்கையும் கிளாத்தியும் இளஞ்சிப்பிகளைத் தின்றுவிடுவதுண்டு. நீரோட்டம் குஞ்சுகளை வேறெங்கோ கொண்டுபோவதும் உண்டு. கணக்குப்பிள்ளை எண்ணலாமே தவிர, கடலுக்கு ஆணையிட முடியாது. 1973-இல் தூத்துக்குடியில் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் சிப்பியை வளர்த்து முத்து விளைவித்துக் காட்டினார்கள். விஞ்ஞானம் வென்றது, மகிழ்ச்சிதான். ஆனால் மூச்சடக்கி முத்தெடுத்தவனுக்கு அதில் வேலை இல்லை.

விதிகள் மட்டும் நிற்கவில்லை. 1983-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டப்படி, கரையிலிருந்து மூன்று கடல் மைல் வரை சிறு படகுக்காரர்களுக்கு ஒதுக்கப்பட்டது. விசைப்படகு அதற்கு அப்பால்தான் வலை வீச வேண்டும் என்று ஆயிற்று. காலை ஐந்து மணிக்குப் பிறகு புறப்பட்டு இரவு ஒன்பதுக்குள் திரும்ப வேண்டும் என்பதும் விதியாயிற்று. மார்க்கோ போலோவின் மந்திரக்காரர் பார்த்திருந்தால் தம் தொழிலைச் சர்க்கார் எடுத்துக்கொண்டதாக நினைத்திருப்பார். 1986-இல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் தேசியப் பூங்காவாயின. மீன்கள் முட்டையிடும் பருவத்துக்காக 2001-இல் வந்த 45 நாள் தடை, 2017 முதல் 61 நாளாயிற்று. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கரையில் நிற்கும்.

அந்த 61 நாளும் படகுக் கூலிக்காரன் வீட்டில் உலை வைக்க அரிசி வேண்டும். நிவாரணத் தொகை உண்டு. அது எத்தனை நாளைக்குப் போதும் என்பதை அந்த வீட்டு அம்மாளைத்தான் கேட்க வேண்டும். கடலைக் காப்பாற்றும் விதி கடலோடியையும் காப்பாற்றாவிட்டால், அவன் அதை அரசனுடைய பத்தில் ஒரு பங்கைப் போலவே பார்ப்பான். கண் மறைந்ததும் மீறுவான். அவன் மேல் குற்றம் சொல்லிப் பயனில்லை. இரண்டாயிரம் ஆண்டுகளாக அவன் பார்த்த கணக்குகளெல்லாம் பிறருடைய பெட்டியை நிரப்பிய கணக்குகளே.

இனிமேல் எழுதப்படும் கணக்கு மீனுக்கும் மீனவனுக்கும் சேர்த்து எழுதப்பட வேண்டும். அதை எழுதும் பேனாவில் பாதியை அவன் கையிலேயே கொடுத்தாலும் தவறில்லை. எந்தப் பாரில் எந்த மாதம் என்ன இருக்கிறது என்பது, எந்த அலுவலகத்துக்கும் தெரிவதற்கு முன்னால், கடலடியைக் கையால் தொட்டுப் பார்த்த அவனுக்குத்தான் தெரிந்திருந்தது.