உடல் பிடிக்கும் கலை: ஷேக் தீன் முஹம்மதின் வாழ்வும் தொழிலும்

சுளுக்கு எடுத்தல், உருவிவிடுதல், கைகால் பிடித்துவிடுதல், எண்ணெய் தேய்த்துவிடுதல் எனத் தமிழில் பல பெயர்களால் வழங்கும் தொழில், மனிதகுலம் அறிந்த மிகப் பழைய மருத்துவ முறைகளுள் ஒன்றாகும். உருது பேசும் முஸ்லிம்கள் இதனை ‘மாலிஷ்’ என்பர். தேய்த்தல் எனும் பொருள்தரும் பாரசீக வினையடியிற் பிறந்த சொல் அது. யூனானி நூல்கள் இதனைத் ‘தல்க்’ எனும் அரபுச் சொல்லால் குறிக்கின்றன. சித்த மருத்துவர்கள் ‘தொக்கணம்’ என்பர். ஒரு தொழிலுக்கு இத்தனை மொழிகளில் இத்தனை பெயர்கள் வழங்குவதே அதன் தேவையைக் காட்டப் போதுமானது.

எனினும் தேவை வேறு, மதிப்பு வேறு. கள்ளக்குறிச்சி மாவட்டத்து நைனார்பாளையம் போன்ற ஓர் ஊரில் முஸ்லிம் இளைஞர் ஒருவர் இத்தொழிலை முறையாகப் பயின்று, கடைவீதியில் சிறு அறையொன்றை வாடகைக்கு எடுத்து, விருப்பத்தோடு நடத்த முன்வருகிறார் எனக் கொள்வோம். அவரிடம் சென்று வலி தீர்த்துக்கொள்வோர் பலராக இருப்பர். அவருக்குப் பெண் கொடுக்க முன்வருவோர் எத்தனை பேர் என்பதே கேள்வி. இக்கேள்வி இன்று முளைத்ததன்று. அதன் வேர்களையும், இருநூறு ஆண்டுகளுக்கு முன் இதே தொழிலால் இங்கிலாந்தில் பெரும்பெயர் ஈட்டிய பாட்னாக்காரர் ஒருவரின் வரலாற்றையும் ஒருசேர வைத்து நோக்குவது பயன்தரும்.

நூல்கள் அளித்த இடம்

மருத்துவ மேதை இப்னு சீனா (980–1037) தமது ‘அல்கானூன் ஃபித்திப்’ எனும் பெருநூலின் முதற்பகுதியில், உடல்நலம் பேணும் முறைகளை விளக்குமிடத்துத் தல்க்கிற்கெனத் தனியிடம் ஒதுக்கியுள்ளார். அழுத்தமாகத் தேய்த்தல் உடலை உறுதியாக்கும். மென்மையாகத் தேய்த்தல் தளர்த்தும். நெடுநேரம் தேய்த்தல் மெலியச் செய்யும். மிதமாகத் தேய்த்தல் சதைப்பிடிப்பைத் தரும் என வகைப்படுத்துகிறார். உடற்பயிற்சிக்கு முன் உடலை ஆயத்தப்படுத்துவது ஒன்று, பயிற்சிக்குப்பின் களைப்பை நீக்குவது ஒன்று என நோக்கத்தால் பிரித்தும் காட்டுகிறார். இன்றைய விளையாட்டு மருத்துவம் இதே இரண்டு வேளைகளிலும் உடல்பிடித்தலைப் பயன்படுத்துவதை இங்கு நினைவுகூரலாம்.

சித்த மருத்துவமும் தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைகட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்தல், அசைத்தல் எனத் தொக்கணத்தை ஒன்பதாக வகுத்து, புறமருத்துவங்கள் முப்பத்திரண்டனுள் ஒன்றாக வைத்துள்ளது. வடபுலத்து நூலும் தென்புலத்து நூலும் கையின் செயலை நுணுக்கமாக ஆராய்ந்திருப்பதில் ஒற்றுமை காண்கிறோம்.

இஸ்லாமிய நகரங்களில் இக்கலை வாழ்ந்த இடம் ஹம்மாம் எனும் பொதுக் குளியலகம். அங்கு நிகழும் தொழிலைக் கண்காணிக்கும் பொறுப்பு சந்தை அதிகாரியான முஹ்தஸிபிடம் இருந்தது. 12ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அஷ்ஷைஸரீ, முஹ்தஸிபுகளுக்கு வழிகாட்டும் ‘நிஹாயத்துர் ருத்பா’ எனும் நூலில் இதற்கான விதிகளைத் தொகுத்துள்ளார். குளியலகத்தை நாள்தோறும் பலமுறை தூய நீரால் கழுவ வேண்டும். வழுக்கிவிழாதிருக்கத் தரையைத் தேய்க்க வேண்டும். உடல் தேய்ப்பவர் தம் கையை மாதுளைத் தோலால் சொரசொரப்பாக்கிக்கொள்ள வேண்டும். வாடை வீசும் வெங்காயம், பூண்டு போன்றவற்றை உண்டுவிட்டு நாவிதர் தொழிலுக்கு வரலாகாது என்பன அவற்றுட் சில. வருபவரின் நலமும் மனநிறைவும் கருதப்பட்ட தொழிலொழுங்கு இது.

பயணி இப்னு பத்தூத்தா 1326ஆம் ஆண்டளவில் எகிப்தின் மின்யா நகரில், மக்கள் இடுப்புத் துணியின்றிக் குளிப்பதைக் கண்டு ஆளுநரிடம் முறையிட்டார். ஆளுநர் குளியலகங்களைக் குத்தகைக்கு எடுத்து நடத்தியோரை அழைத்து, துணியின்றி எவரேனும் நுழைந்தால் அவர்களே பொறுப்பு என எழுதி வாங்கினார். இதே பயணி, பாக்தாதின் குளியலகங்களில் ஒவ்வொருவருக்கும் தனித் தடுப்பறையும் மூன்று துண்டுகளும் வழங்கப்பட்டதைப் பாராட்டி எழுதியுள்ளார். ஆக, மறைவு, தூய்மை, பொறுப்பு ஆகிய மூன்றும் இத்தொழிலின் அடிப்படைகளாக நெடுநாட்களுக்கு முன்பே ஏற்கப்பட்டிருந்தன.

கைக்குக் கிடைத்த இடம்

நூல் அறிந்த மருத்துவர் ஹகீமாக உயர்ந்தார். நூலில் சொன்னதைத் தம் கையால் செய்தவரோ தாழ்ந்தார். ஹம்மாமில் உடல் தேய்ப்பவர், நாவிதர், இரத்தம் குத்தி எடுக்கும் ஹஜ்ஜாம் ஆகியோர் பெரும்பாலும் ஒரே வரிசையில் வைத்து எண்ணப்பட்டனர்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் நடைமுறை யாது? அபூ தைபா எனும் அடிமையிடம் அவர்கள் ஹிஜாமா செய்துகொண்டார்கள். அவருக்குக் கூலி வழங்கச் செய்தார்கள். அவர்மீது எசமானர் விதித்திருந்த வரியைக் குறைக்கவும் பரிந்துரைத்தார்கள். ஹஜ்ஜாமின் வருவாயைக் குறைத்துக் கூறும் அறிவிப்புகளும் உள்ளன என்பது உண்மையே. ஆயின் அது தடுக்கப்பட்டதாக இருந்திருப்பின் நபியவர்கள் கூலி கொடுத்திருக்கமாட்டார்கள் என்று இப்னு அப்பாஸ் (ரலி) எடுத்துக்காட்டியது இவ்விவாதத்தில் தலையாய சான்றாகும். தாவூது நபி (அலை) தம் கையுழைப்பால் உண்டார்கள் என நபியவர்கள் சிறப்பித்துரைத்ததும் நாம் அறிந்ததே.

பிற்காலச் சட்ட அறிஞர்கள் திருமணப் பொருத்தமாகிய ‘கஃபாஅத்’ பற்றிப் பேசுமிடத்து ஹஜ்ஜாம், நெசவாளர், தோல் பதனிடுவோர் ஆகியோரைத் தாழ்ந்த தொழிலினர் பட்டியலில் சேர்த்தனர். ஆனால் ஹனஃபி மத்ஹபின் புகழ்பெற்ற நூலாகிய ‘ஹிதாயா’வே இதில் இமாம்களிடையே கருத்து வேறுபாடு இருந்ததைப் பதிவு செய்கிறது. தொழில் என்பது மனிதரோடு ஒட்டிப் பிறந்த குணமன்று, ஒருவர் ஒன்றைவிட்டு மற்றொன்றுக்கு மாறக்கூடும் என்னும் வாதமும் அங்கேயே இடம்பெற்றுள்ளது. வாதம் ஏட்டில் நின்றது. வழக்கம் தெருவில் நிலைத்தது. இலங்கை முஸ்லிம்களிடையே கத்னா செய்யும் நாவிதர் ‘ஒஸ்தா’ எனப்பட்டார். ஆசான் எனப் பொருள்படும் ‘உஸ்தாத்’ என்பதன் திரிபு அது. ஆசான் என்றழைத்தவர்களே அவரைச் சமமாக வைக்கவில்லை.

பாட்னாவிலிருந்து பிரைட்டன் வரை

ஷேக் தீன் முஹம்மது 1759ஆம் ஆண்டு பாட்னாவில் முஸ்லிம் குடும்பமொன்றில் பிறந்தார். கிழக்கிந்தியக் கம்பெனியின் வங்காளப் படையிற் பணியாற்றிய தந்தை, மகனின் இளவயதிலேயே இறந்தார். பதினொரு வயதில் காட்ஃப்ரி இவான் பேக்கர் என்னும் அயர்லாந்து அதிகாரியைப் பின்பற்றிப் படையோடு சென்ற தீன் முஹம்மது, 1782இல் அப்பணியைத் துறந்து, 1784இல் பேக்கரோடு அயர்லாந்தின் கார்க் நகரை அடைந்தார். 1786இல் ஜேன் டேலி என்னும் பெண்ணை அந்நாட்டுத் திருச்சபை முறைப்படி மணந்தார். அவர்தம் மக்கள் கிறித்தவராகவே வளர்ந்தனர். 1794இல் தம் பயணங்களைப் பற்றி அவர் வெளியிட்ட நூல், இந்தியர் ஒருவர் ஆங்கிலத்தில் எழுதி வெளியிட்ட முதல் நூலாகக் கருதப்படுகிறது. 1799இல் கார்க் வந்த லக்னோவின் பாரசீக எழுத்தாளர் மிர்ஸா அபூ தாலிப் கான் அவரைச் சந்தித்துத் தம் பயணநூலில் குறித்துள்ளார்.

ஏறத்தாழ 1807இல் குடும்பத்தோடு லண்டன் சென்ற அவருக்கு வேலை கொடுத்தவர் பேசில் காக்ரேன். இவருக்கும் தமிழ்நாட்டுக்கும் நெருங்கிய தொடர்புண்டு. சென்னையில் கம்பெனிப் பணியிலும் கடற்படைக்குப் பொருள் வழங்கும் குத்தகையிலும் பெருஞ்செல்வம் ஈட்டியவர் அவர். இன்றைய பக்கிங்காம் கால்வாயின் முதற்பகுதி 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னையிலிருந்து எண்ணூர் வரை வெட்டப்பட்டபோது, அவர் பெயராலேயே காக்ரேன் கால்வாய் எனப்பட்டது. தாயகம் திரும்பிய அவர் லண்டனின் போர்ட்மன் சதுக்கத்தில் நீராவிக் குளியலகமொன்றை நிறுவினார். அங்குப் பணியாற்றிய தீன் முஹம்மது, குளியலோடு இந்திய முறை உடல்பிடித்தலையும் சேர்த்து வழங்கினார். அழுத்திப் பிடித்தலைக் குறிக்கும் இந்திச் சொல்லாகிய ‘சாம்போ’ என்பதிலிருந்தே ஆங்கிலத்தின் ‘ஷாம்பூ’ பிறந்தது. தலைக்குத் தேய்க்கும் நுரைப்பொருளை அச்சொல் குறிக்கலானது பிற்காலத்தில்தான்.

1810இல் அவர் லண்டனில் இந்திய உணவும் ஹுக்காவும் வழங்கும் ‘ஹிந்துஸ்தானி காஃபி ஹவுஸ்’ என்னும் விடுதியைத் திறந்தார். செலவு வரவை விஞ்ச, 1812இல் கடனாளியானார். வீட்டுப் பணியாளர் வேலை வேண்டிப் பத்திரிகையில் விளம்பரம் செய்யும் நிலைக்கும் ஆளானார். 1814இல், 55 வயதில், மனைவியோடு கடற்கரை நகரமாகிய பிரைட்டனுக்குக் குடிபெயர்ந்து, தம் கைத்திறனையே முதலாகக் கொண்டு வாழ்வை மீண்டும் தொடங்கினார்.

குளியலகம் நடந்த முறை

இந்தியாவிலிருந்து வரவழைத்தவை என அவர் கூறிய மூலிகைகள் கலந்த நீராவியில் நோயாளர் முதலில் வியர்க்க வைக்கப்படுவார். பின்னர் அவரைச் சூழக் கம்பளித் துணியாலான கூடாரம் போன்ற மறைப்பு அமைக்கப்படும். அதிற் பொருத்திய கைப்பகுதிகளின் வழியே தன் கைகளை நுழைத்துப் பணியாளர் உடலைப் பிடித்துவிடுவார். வந்தவரின் வெட்கமும் மானமும் காக்கப்பட்ட ஏற்பாடு இது. பெண்கள் பகுதியை மனைவி ஜேன் தனியே மேற்பார்த்தார். மின்யாவில் எழுதி வாங்கப்பட்ட மறைவின் விதி, பிரைட்டனில் வேறொரு வடிவில் காக்கப்பட்டது எனலாம்.

முதலில் மக்கள் ஐயுற்று ஒதுங்கினர். மூட்டுவலி, தசைப்பிடிப்பு முதலியவற்றால் வருந்தியோர் நலம்பெறப் பெற நிலைமை மாறியது. குணமடைந்தோர் விட்டுச்சென்ற ஊன்றுகோல்கள் சுவரில் தொங்கவிடப்பட்டன. வந்துசென்றோரின் கருத்துகள் பதிவேடுகளில் தொகுக்கப்பட்டன. 1821இல் கடற்கரைச் சாலையில் ‘முஹம்மதின் குளியலகம்’ பெரிய கட்டடமாக எழுந்தது. 1822இல் தம் சிகிச்சைமுறை குறித்து அவர் வெளியிட்ட நூல் மேலும் இருமுறை பதிப்பிக்கப்பட்டது. நான்காம் ஜார்ஜ், நான்காம் வில்லியம் ஆகிய இரு மன்னர்களும் அவரைத் தம் ‘ஷாம்பூயிங் சர்ஜன்’ ஆக நியமித்தனர். அவர் மகன் ஹொரேஷியோ லண்டனில் கிளை நடத்தினார்.

இந்த வெற்றிக்கு அடித்தளம் பலவீனமாக இருந்தது. கட்டடம் அவருக்கு உரியதன்று. 1841இல் அது ஏலத்திற்கு வந்தபோது வாங்கும் வசதி அவரிடமில்லை. சிறிய இடமொன்றுக்கு மாறித் தொழிலைத் தொடர்ந்தார். விக்டோரியா அரசியாரின் காலத்தில் அரசகுடும்பமும் பிரைட்டனை விட்டு விலகியது. 1851 பிப்ரவரி 24இல் தீன் முஹம்மது காலமானார்.

பட்டத்தின் விலை

அவரது கல்லறைக் கல் அவர் 101 வயது வாழ்ந்ததாகக் கூறுகிறது. உண்மையில் அவருக்கு வயது 91 அல்லது 92 மட்டுமே. இப்பிழைக்குக் காரணம் அவரே. 1820களில் வெளியிட்ட நூலில் தாம் 1749இல் பிறந்ததாகவும், கல்கத்தாவில் மருத்துவம் பயின்று கம்பெனிப் படையில் அறுவை மருத்துவராகப் பணியாற்றியதாகவும் எழுதிக்கொண்டார். 1794இல் அவரே எழுதிய நூலோடு இது பொருந்தவில்லை என்பதை வரலாற்றாசிரியர் மைக்கேல் ஃபிஷர் 1996இல் வெளியிட்ட ஆய்வில் விரிவாக நிறுவியுள்ளார். மருத்துவக் கல்விக்கு இடம் வேண்டியே பத்தாண்டுகள் கூட்டப்பட்டன.

இதனைப் பொய் என்று கூறாமல் வேறெவ்வாறு கூறுவது? வணிகத்தில் உள்ளதை மறைத்தலும் இல்லாததைக் கூட்டுதலும் மார்க்கம் ஏற்காதவை. அதேவேளையில் அப்பொய் எங்கிருந்து தேவைப்பட்டது என்பதையும் எண்ணவேண்டும். அவர் கையில் இருந்த திறன் உண்மையானது. அதனை நாடி அரசரும் வந்தனர். ஆயினும் திறமைமிக்க ஓர் உடல்பிடிப்பவர் என்ற உண்மைப் பெயரோடு அச்சமூகத்தில் அவரால் தலைநிமிர முடியவில்லை. ‘சர்ஜன்’ என்ற பட்டம் வேண்டியிருந்தது. கையைத் தாழ்த்தி ஏட்டை உயர்த்தும் மனப்பான்மை கீழைநாட்டுக்கு மட்டும் உரியதன்று என்பதற்கு இதுவே சான்று.

அவர் பேரர் ஃபிரெடரிக் அக்பர் முஹம்மது (1849–1884) லண்டன் கைஸ் மருத்துவமனையில் முறையாகப் பட்டம் பெற்ற மருத்துவராகப் பணியாற்றி, நாடித்துடிப்பைப் பதியும் கருவியை மேம்படுத்தி, இரத்தக் கொதிப்பு பற்றிய ஆய்வில் முன்னோடியானார். பாட்டனார் சொந்தம் கொண்டாடிய பட்டத்தைப் பேரர் உழைத்துப் பெற்றார் என்பதை மட்டும் கண்டு மகிழ்வது போதாது. பட்டமின்றியே பாட்டனாரின் கை மதிக்கத்தக்கதாக இருந்தது என்பதையும் ஏற்பதே நேர்மை.

இன்று இத்தொழிலை மேற்கொள்வோர்க்கு இவ்வரலாறு கூறும் பாடங்கள் தெளிவானவை. ஆணுக்கும் பெண்ணுக்கும் தனியிடமும் தனிப் பணியாளரும், மறைவும் தூய்மையும் இன்றியமையாதவை. தசைவலி, களைப்பு, இறுக்கம் ஆகியவற்றுக்குக் கை தரும் ஆறுதல் பெரிது. எல்லா நோயையும் தீர்க்கும் என உரைத்தல் ஆகாது. கடனில் எழுப்பிய பெருங்கட்டடத்தைவிடத் தாங்கக்கூடிய வாடகையில் நடக்கும் சிறு அறை நிலைக்கும்.

சமுதாயத்திற்கும் ஒரு கடமை உண்டு. நபியவர்கள் (ஸல்) அபூ தைபாவின் கையை நம்பித் தம் உடலை ஒப்படைத்தார்கள். உரிய கூலி கிடைக்கச் செய்தார்கள். அவர் சுமையைக் குறைக்கவும் முயன்றார்கள். நம் வலியைத் தீர்க்கும் கைக்குக் கூலியைத் தந்துவிட்டு, அக்கைக்கு உரியவரைத் திருமணப் பேச்சிலும் ஜமாஅத் அவையிலும் ஒதுக்கிவைப்போமாயின், அந்த முன்மாதிரியில் ஒருபாதியை மட்டுமே பின்பற்றியவர்களாவோம்.