பழைய காடியில் ‘கீச்’ சத்தமா? டென்ஷனரையும் பாருங்க

பாகான் செராயில் நெடுஞ்சாலை ஏறும் முன்பே காடி ‘கீச்’ என்று கத்துகிறதா? பெல்ட்டை மட்டும் மாற்றினால் போதாது. அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் தளர்ந்திருந்தால் புது பெல்ட்டும் வழுக்கும். அறுந்தால் பேட்டரிக்குச் சார்ஜ் ஏறாது. சில காடிகளில் வாட்டர் பம்பும் நின்று இன்ஜின் கொதித்துவிடும்.

வீட்டில் மாற்றலாமா?

வெளிப்புற பெல்ட் என்றால் மாற்றலாம்.

- இன்ஜின் ஆறியதும் பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றுங்க.
- பெல்ட் ஓடும் வழியைப் போட்டோ எடுங்க.
- நீளமான ஸ்பேனரால் டென்ஷனரைத் திருப்பி, பெல்ட்டை எடுங்க.
- புல்லியைக் கையால் சுற்றுங்க. கரகரத்தாலோ ஆடினாலோ டென்ஷனரை மாற்றணும்.
- புது போல்ட்டை மேனுவல் சொல்லும் அளவுக்கே முறுக்குங்க.

மூடிக்குள் இருக்கும் டைமிங் பெல்ட் வேறு. புரோட்டோனின் கேம்ப்ரோ இன்ஜினில் இருப்பது அதுதான். அதில் பல் தவறினால் இன்ஜினே கெடலாம். அந்த வேலையைப் பட்டறையிலேயே கொடுங்க.