செண்டுமலரும் சிவத்தொண்டும்



இறைவனுக்கு மலரிடுதல் சைவத்தின் தொன்மையான நெறியாகும். திருப்புகலூரில் முருக நாயனார் கோட்டுப்பூ, கொடிப்பூ, நீர்ப்பூ, நிலப்பூ என்னும் நால்வகை மலர்களையும் கொய்து மாலை தொடுத்த வரலாற்றைப் பெரியபுராணம் கூறும். 16ஆம் நூற்றாண்டில் கமலை ஞானப்பிரகாசர் ‘புட்பவிதி’ என்று ஒரு தனிநூலே இயற்றினார். இன்று நம் தேரையும் பந்தலையும் பொன்மயமாக்கும் செண்டுமலர் இம்மரபினுள் எவ்வாறு புகுந்தது என்பதை இங்குச் சிந்திப்போம்.

செண்டு, செண்டி, துலுக்கச் செவ்வந்தி என்றெல்லாம் வழங்கும் இச்செடியின் தாயகம் மெக்சிகோ நாடு. அங்கு வாழ்ந்த அஸ்டெக் மக்கள் இதனை ‘இருபது மலர்’ என்னும் பொருளுடைய பெயரால் அழைத்து, தம் வழிபாட்டில் பயன்படுத்தினர். இன்றும் அந்நாட்டார் நவம்பர் முதல் நாள்களில் மறைந்த முன்னோர்க்கு இம்மலரைப் படைக்கின்றனர். போர்த்துக்கீசியர் வழியாக இது பாரதநாடு வந்து சேர்ந்தது. ஆதலின் கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கிக் கூறிய 99 மலர்களுள் இதற்கு இடமில்லை.

இதன் இனத்ததாகிய செவ்வந்தியின் தாயகமோ கீழ்த்திசை நாடுகள். எனினும் சிராப்பள்ளி இறைவன் செவ்வந்திநாதர் என்றே போற்றப்பெறுகிறார். எல்லப்ப நாவலர் பாடிய தலபுராணமும் செவ்வந்திப் புராணம் எனப்படும். சாரமா முனிவர் பூசைக்கு வளர்த்த செவ்வந்தியைப் பூவணிகன் களவாடி அரசனுக்கு அளிக்க, முனிவரின் முறையீட்டைக் கேட்ட பெருமான் கிழக்கு நோக்கியிருந்த திருமுகத்தை உறையூர்ப் பக்கம் மேற்கே திருப்பினார் என்பது புராண வரலாறு. நந்தவனத்தில் உழைத்தவனுக்கு இழைத்த தீங்கை இறைவன் தனக்கு இழைத்ததாகவே கொண்டான் என்பதே இதன் உட்பொருள்.

இனி நம் புதுக்கோட்டை மாவட்டத்தை நோக்குவோம். ஆலங்குடி வட்டத்துக் கீரமங்கலம் பூச்சந்தைக்குப் பெயர் பெற்றது. சுற்றியுள்ள கொத்தமங்கலம், செரியலூர், பனங்குளம் முதலிய ஊர்களின் செம்மண் நிலங்களில் ஆழ்துளைக் கிணற்று நீரைக்கொண்டு மல்லிகை, முல்லை, சம்பங்கி, கோழிக்கொண்டை, செண்டி ஆகியவற்றை உழவர் வளர்க்கின்றனர். செண்டியை நாற்றங்காலில் விதைத்து, ஏறத்தாழ ஒரு மாதத்தில் பிடுங்கி நடுவர். பக்கக் கிளைகள் விரியும்பொருட்டு நுனியைக் கிள்ளிவிடுவர். நட்ட இரு மாதங்களில் பூக்கும். சில நாள்களுக்கு ஒருமுறை பறிக்கலாம். இதன் வேரில் சுரக்கும் பொருள் மண்ணிலுள்ள நூற்புழுக்களை அழிப்பதால் அடுத்த பயிருக்கும் நன்மை உண்டு.

ஆயினும் பூ ஒரு நாட்பொருள். விற்காத பூவைப் பூட்டி வைக்க இயலாது. திருவிழாக் காலத்தில் விலை ஏறும். மற்றைய நாள்களில் பறிகூலிக்கும் போதாது. 2018 நவம்பர் 16 அன்று வீசிய கஜா புயல் இப்பகுதியின் மரங்களையும் பயிர்களையும் சாய்த்தது. 2020இல் பெருந்தொற்றினால் திருக்கோயில்கள் அடைக்கப்பட்டபோது மலர்ந்த பூக்கள் செடியிலேயே கருகின. கோயிற்கதவும் உழவன் அடுப்பும் ஒன்றோடொன்று பிணைந்தவை என்பதை அவ்வாண்டு உணர்த்திற்று.

“செண்டுக்கு நறுமணமில்லை, பழம்பாடலில் பெயரில்லை, திருமேனிக்கு ஆகுமோ?” என்று வினவுவார் உளர். கீரமங்கலமோ நக்கீரரோடு இணைத்துப் போற்றப்பெறும் ஊர். கூந்தலின் மணம் இயற்கையோ, பூவால் வந்ததோ என்று இறைவனோடே வழக்காடிய புலவர் அவர். மெய்நின்றநாதர் திருக்கோயில் குளத்தில் 81 அடி உயரச் சிவபெருமான் திருவுருவம் அமைந்த அவ்வூரிலேயே மணங்குறைந்த இம்மலரும் செழிக்கின்றது. அருச்சனைக்கு எம்மலர் என்பதை அவ்வக்கோயில் வழக்கு வகுக்கட்டும், அதனை மீறவேண்டுவதில்லை. தோரணத்திலும் தேரிலும் நின்று தொண்டு செய்ய இம்மலருக்கு எத்தடையும் இல்லை. சந்நிதியில் எரியும் விளக்கும் மணமுடையதன்று. அதனை நாம் ஒதுக்குவதில்லை.

ஆகவே அன்பர்களே! வாடாத நெகிழிப்பூக்களால் கோயிலை அலங்கரித்தல் வேண்டா. அப்பூவிற்கு உழுதவனும் இல்லை, வைகறையில் பறித்தவளும் இல்லை. கழித்த மாலைகளைத் திருக்குளத்தில் வீசாது நந்தவனத்துக்கு உரமாக்குக. திருவப்பூரிலும் நார்த்தாமலையிலும் பூச்சொரிதல் நாளில் கூடை சுமக்குங்கால், அக்கூடைக்குப் பின்னே நிற்கும் உழவனையும் நினைந்து, அவன் கேட்கும் நியாயமான விலையைக் குறைக்காது கொடுப்பீராக. அதுவும் சிவபூசையின் ஓர் அங்கமே.

திருச்சிற்றம்பலம்.