திரும்பி வரும் மின்சாரம்

கன்னிவாடியிலிருந்து அண்ணாந்து பார்க்கும் பழனி மலைத்தொடரில்தான் கொடைக்கானல் சூரிய ஆய்வகம் இருக்கிறது. 1899-இல் தொடங்கிய அந்த இடத்தில், அடுத்த சில ஆண்டுகளிலேயே பூமியின் காந்தப்புலத்தைப் பதியும் கருவிகளும் வந்தன. அந்தக் கருவிகளுக்கு மலை ஒரு பெரிய வசதி: பக்கத்தில் டிராம் கிடையாது.

டிராமுக்கும் காந்தமானிக்கும் என்ன பகை? பம்பாயில் நடந்ததைப் பார்க்கலாம். கொலாபா ஆய்வகத்தில் 1841 முதலே காந்தப் பதிவு நடந்துவந்தது. 1859 செப்டம்பரில் பெரும் சூரியப் புயல் அடித்தபோது புலம் சுமார் 1600 நானோடெஸ்லா சரிந்ததைப் பதிந்தது அந்த ஆய்வகம்தான். அமைதியான நாளின் ஏற்ற இறக்கமோ சில பத்து நானோடெஸ்லா. கருவியின் காது அவ்வளவு கூர்மை.

பிறகு குதிரை டிராமுக்குப் பதில் மின்சார டிராம் வரப்போகிறது என்றானது. மேல்கம்பியில் போன கரண்ட் தண்டவாளம் வழியாகத் திரும்பணும். தண்டவாளம் மண்ணில் கிடக்கிறது. ஒரு பங்கு மண்ணுக்குள் கசிந்து, ஊரைச் சுற்றிக்கொண்டு போய்ச் சேரும். போகிற வழியெல்லாம் தானும் ஒரு காந்தப்புலத்தை உண்டாக்கும். ஆய்வக இயக்குநர் நானாபாய் மூஸ் கடலுக்கு அந்தப்பக்கம் அலிபாக்கில் இடம் பார்த்தார். 1904-இல் அங்கே பதிவு தொடங்கியது. 1906 வரை இரண்டு இடத்திலும் அளந்து, பழைய தொடரையும் புதிய தொடரையும் இணைத்தார்கள். 1907-இல் மின்சார டிராம் ஓடியபோது பம்பாயில் கெடுவதற்கு ஒன்றும் மிச்சமில்லை.

இதே சிக்கல் இன்று உள்ளங்கை அளவு பி.சி.பி.யில் நடக்கிறது. ஒரு பக்கம் சென்சாரின் மெல்லிய அனலாக் சிக்னல். இன்னொரு பக்கம் படபடவென்று மாறும் டிஜிட்டல் சிப். இரண்டுக்கும் கிரவுண்ட் ஒன்றே. 3.3 வோல்ட்டை 16 பிட்டாகப் பிரித்தால் ஒரு படி சுமார் 50 மைக்ரோவோல்ட். கிரவுண்ட் செம்பில் 5 மில்லிஓம் இருக்கும் இடத்தில் 10 மில்லிஆம்பியர் டிஜிட்டல் கரண்ட் திரும்பினாலே அந்த ஒரு படி போச்சு.

உடனே தோன்றுவது கிரவுண்டை இரண்டாக வெட்டுவது. ஆனால் வெட்டைத் தாண்டி ஒரு தடம் போனால், அதன் கரண்ட் நேர்கீழே திரும்ப வழியில்லாமல் சுற்றிவரும்; அந்தப் பெரிய வளையம் ஆன்டெனாவாகிவிடும். அதிவேக சிக்னலின் கரண்ட் தன் தடத்துக்கு அடியிலேயே திரும்பப் பார்க்கும். குறைந்த அதிர்வெண் கரண்ட்தான் செம்பு முழுக்கப் பரவும். அதனால் பெரும்பாலான போர்டுகளுக்கு நல்ல வழி: கிரவுண்டை வெட்டாமல் முழுசாக விடுவது, குடியிருப்பைப் பிரிப்பது. அனலாக் ஒரு தெரு, டிஜிட்டல் ஒரு தெரு, ஏ.டி.சி. எல்லையில். பவர் கனெக்டர் டிஜிட்டல் பக்கம் இருந்தால் பெரிய கரண்ட் அனலாக் தெருவுக்குள் நுழையாது.

மூஸும் பம்பாய் மண்ணை வெட்டவில்லை, கருவியைத்தான் நகர்த்தினார். கரண்ட் எந்த வழியாகத் திரும்பும் என்று முன்கூட்டியே கேட்டதுதான் அவர் செய்த பெரிய வேலை. போர்டு சரியில்லையென்றால் அடுத்த மாதம் வேறொன்று அடித்துக்கொள்ளலாம். 1859 செப்டம்பரை மறுபடி அளக்க முடியாது.