வானத்துப் பேன்: வீட்டுப் பட்டறையில் பிறந்த வானூர்தியின் வரலாறு



மாணவர்களின் கையில் இரம்பத்தையும் சுத்தியலையும் கொடுக்கலாமா என்னும் வினா நம் ஆசிரியர் அறைகளில் அடிக்கடி எழுவதுண்டு. வடிவமைப்பும் தொழில்நுட்பமும் பாடமாகட்டும், அறிவியல் விழாவாகட்டும், பேச்சு இறுதியில் இங்கேதான் வந்து நிற்கும். ஏதேனும் நேர்ந்துவிட்டால் யார் பொறுப்பு என்று அஞ்சுவோர் ஒரு சாரார். செய்து பழகாத கை எதற்கு உதவும் என்று கேட்போர் மற்றொரு சாரார். இரு சாராரும் அறிந்துகொள்ள வேண்டிய வரலாறு ஒன்று 1930களில் பிரான்சு நாட்டில் நிகழ்ந்தது. அதனை இன்று தங்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

ஆன்ரி மின்யே என்பவர் 1893ஆம் ஆண்டு பிரான்சில் பிறந்தவர். வானொலிக் கருவிகளைப் பற்றிய தொழிலறிவு அவருக்கு உண்டு. ஆனால், வானூர்திப் பொறியியலை எந்தக் கல்லூரியிலும் பயின்றவர் அல்லர். இளமை முதலே தம் கையால் வானூர்திகளைச் செய்து பார்ப்பதில் தணியாத ஆர்வம் கொண்டிருந்தார். ஒன்று பறக்கவில்லை என்றால் அடுத்ததைத் தொடங்குவார். ஒவ்வொன்றுக்கும் தம் பெயரின் முதலெழுத்துகளோடு ஓர் எண்ணையும் சூட்டினார். உலகப் புகழ் பெற்றது பதினான்காம் எண்ணைத் தாங்கிய எச்.எம். 14 ஆகும்.

வழக்கமான வானூர்தியை ஓட்டுவது மின்யேக்குக் கடினமாக இருந்தது. கையால் ஒன்றையும் காலால் மற்றொன்றையும் ஒரே நேரத்தில் இசைவாக இயக்க வேண்டும். வேகம் குறைந்த நிலையில் இந்த இசைவு தவறினால் ஊர்தி சுழன்று வீழும். அக்காலத்தில் வானோட்டிகள் பலரின் உயிரைப் பறித்தது இத்தகைய வீழ்ச்சியே. ஓட்டுபவரை மட்டும் குறை கூறுவானேன், ஊர்தியின் அமைப்பையே எளிமையாக்கினால் என்ன என்று மின்யே சிந்தித்தார். இச்சிந்தனை எனக்கு மிகவும் பிடித்த ஒன்று. பாடம் புரியாத மாணவனைக் கடிந்துகொள்வதற்கு முன், பாடத்தை மாற்றிச் சொல்ல முடியுமா என்று நாமும் எண்ணிப் பார்க்கலாம் அல்லவா?

அவர் படைத்த ஊர்தியில் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு இறக்கைகள் அமைந்திருந்தன. காலால் இயக்கும் கருவி எதுவும் இல்லை. ஒரே ஒரு கைப்பிடிதான். அதனைப் பின்னால் இழுத்தால் முன் இறக்கை சாய்ந்து ஊர்தி மேலெழும். பக்கவாட்டில் அசைத்தால் வால்பகுதியின் சுக்கான் திரும்பும். ஒட்டுப்பலகை, மரச்சட்டம், துணி ஆகியவையே முதன்மைப் பொருள்கள். ஊர்தியின் நீளம் ஏறத்தாழ மூன்றரை மீட்டர் மட்டுமே. மோட்டார் சைக்கிளுக்கு ஏற்ற சிறிய இயந்திரம் ஒன்று அதனைச் செலுத்தியது. பாரிசுக்கு வடகிழக்கே உள்ள சுவாசோன் நகருக்கு அருகில் கூடாரம் அடித்துத் தங்கிச் சோதனை செய்த அவர், 1933ஆம் ஆண்டு செப்டம்பர் 10ஆம் நாள் அதில் பறந்து காட்டினார். அதற்கு அவர் இட்ட பெயர் 'பூ து சியேல்'. தமிழில் 'வானத்துப் பேன்' எனலாம். ஆங்கிலேயர் அதனைப் 'பறக்கும் தெள்ளுப்பூச்சி' என்றழைத்தனர்.

தம் கண்டுபிடிப்பை மின்யே தமக்கென்று பூட்டி வைக்கவில்லை. 1934ஆம் ஆண்டு நூல் ஒன்றை எழுதி, பெட்டி செய்யத் தெரிந்தவர் எவரும் இதனைச் செய்யலாம் என்று அளவுகளையும் படங்களையும் வெளியிட்டார். 1935இல் அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு வெளிவந்து, சில வாரங்களிலேயே ஆயிரக்கணக்கான படிகள் விற்றுத் தீர்ந்தன. அவ்வாண்டு ஆகஸ்டு 13ஆம் நாள் தம் ஊர்தியில் ஆங்கிலக் கால்வாயைக் கடந்து பிரிட்டனில் இறங்கினார் மின்யே. ஆர்வம் கொழுந்துவிட்டு எரிந்தது. கடைக்காரர்களும் தொழிலாளர்களும் வீட்டின் பின்புறத்திலும் கொட்டகையிலும் வானூர்தி செய்யலாயினர். செல்வந்தர்களின் விளையாட்டாக இருந்த பறத்தல், எளிய மக்களின் கைக்கு எட்டிவிட்டது என்று பலரும் மகிழ்ந்தனர்.

அந்த மகிழ்ச்சி நீடிக்கவில்லை. பிரான்சிலும் பிரிட்டனிலும் விபத்துகள் தொடர்ந்தன. தாமே செய்த ஊர்தியில் ஏறியவர்கள் ஒருவர்பின் ஒருவராக உயிரிழந்தனர். பலவற்றில் நிகழ்ந்தது ஒன்றேதான். கீழ்நோக்கிச் சாய்ந்த ஊர்தி மீண்டும் நிமிராமல் நேரே தரையில் மோதியது.

காரணத்தைக் கண்டறிய முழு அளவு ஊர்தியையே காற்றுச் சுரங்கத்தில் வைத்து ஆராய்ந்தனர். பிரான்சில் ஷாலே மெதோனிலும் இங்கிலாந்தில் ஃபார்ன்பரோவிலும் இச்சோதனைகள் நடைபெற்றன. குறை அமைப்பிலேயே இருந்தது தெரியவந்தது. இரு இறக்கைகளும் மிக நெருக்கமாக இருந்தன. மூக்கு ஏறத்தாழ 15 பாகைக்கு மேல் கீழே சாய்ந்த நிலையில், ஊர்தியை நிமிர்த்துவதற்காக ஓட்டுநர் கைப்பிடியை இழுப்பார். முன் இறக்கையின் பின்விளிம்பு தாழும். இரு இறக்கைகளுக்கும் நடுவே உள்ள இடைவெளியில் காற்று விரைந்து பாய்ந்து பின் இறக்கையைத் தூக்கும். வால் மேலெழ, மூக்கு இன்னும் கீழே சாயும். உயிர் பிழைக்க ஓட்டுநர் எதைச் செய்தாரோ, அதுவே அவரை ஆழத்திற்குத் தள்ளியது! 1936இல் பிரிட்டனில் பறப்பதற்கான அனுமதி கட்டுப்படுத்தப்பட்டுப் பின்னர் நிறுத்தப்பட்டது. பிரான்சிலும் தடை வந்தது. மின்யே அமைப்பைத் திருத்தினார். 1965இல் மறையும் வரை புதிய ஊர்திகளை உருவாக்கிய வண்ணம் இருந்தார். எனினும், மக்களின் பழைய ஆர்வம் மீளவில்லை.

மின்யே ஏமாற்றுக்காரர் அல்லர். தாம் நம்பாத ஊர்தியில் பிறரை ஏறச் சொல்லவில்லை. அதே ஊர்தியில்தான் கடலையே கடந்தார். அப்படியிருக்க, குறை ஏன் அவர் கண்ணில் படவில்லை? அவர் செய்த ஊர்தி, அவர் பொருத்திய இயந்திரம், அவர் பழகிய கை ஆகியவற்றைக் கொண்டே அது சோதிக்கப்பட்டது. பிறர் அதனைச் செய்தபோது எடை கூடியது. ஆற்றல் மிகுந்த இயந்திரங்கள் ஏறின. பழக்கமற்ற கைகள் ஓட்டின. மறைந்திருந்த குறை அப்போது வெளிப்பட்டது. 'என்னிடம் நன்றாகப் பறந்தது' என்பது அனுபவம். 'யார் செய்தாலும், எந்த நிலையிலும் பறக்கும்' என்பதே அறிவியல். இவ்விரண்டுக்கும் உள்ள இடைவெளிக்கு விலையாகப் போனவை மனித உயிர்கள்.

இதனால் வீட்டில் வானூர்தி செய்யும் வழக்கம் அழிந்துவிட்டதா? இல்லை. 1946இல் பிரிட்டனில் இலகுரக வானூர்தி ஆர்வலர்கள் சங்கம் அமைத்தனர். 1953இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் பால் போபெரெஸ்னி இத்தகையதோர் அமைப்பைத் தொடங்கினார். அதன் ஆண்டு விழா 1970 முதல் ஆஷ்கோஷ் நகரில் நடைபெற்று வருகிறது. தம் கல்விக்காகவோ பொழுதுபோக்கிற்காகவோ ஊர்தியின் பெரும்பகுதியைத் தாமே செய்தவருக்கு அமெரிக்கச் சட்டம் பறக்கும் உரிமையை அளிக்கிறது. 'கல்வி' என்னும் சொல்லே அச்சட்டத்தில் இடம்பெற்றுள்ளது. ஆனால், அந்த உரிமை ஆய்வோடு சேர்ந்தே வருகிறது. செய்து முடித்த ஊர்தியை ஆய்வாளர் பார்வையிட வேண்டும். முதல் பறப்புகள் மக்கள் நெருக்கமில்லாத பகுதியிலேயே நடைபெற வேண்டும்.

ஆக, வரலாறு காட்டும் வழி தடையும் அன்று. கட்டற்ற விடுதலையும் அன்று. செய்பவரின் அருகில் விவரம் அறிந்த மற்றொரு கண் இருக்க வேண்டும். நம் வகுப்பறையில் அந்தக் கண் ஆசிரியருடையது.

இவ்வரலாற்றிலிருந்து நான் கைக்கொண்ட வழக்கம் ஒன்றைச் சொல்கிறேன். என் வகுப்பில் ஒரு குழு ஏதேனும் கருவி செய்தால், அதன் செய்முறையை எழுதி வேறொரு குழுவிடம் கொடுக்க வேண்டும். அவர்கள் அதனைப் படித்து, முதல் குழுவின் உதவியின்றிச் செய்து பார்ப்பர். இயங்கினால்தான் அது முழுமை பெற்றதாகக் கருதுவோம். இயங்காதபோது நண்பரைப் பழிப்பதற்கு மாறாக, எந்த வரி குழப்பியது, எந்த அளவு விடுபட்டது என்று இரு குழுக்களும் சேர்ந்து தேடும். இரம்பம் பிடிக்கும் வேளையில் நான் அருகிலேயே நிற்பேன். ஆனால், இரம்பம் மாணவர் கையில்தான் இருக்கும்.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். அறிவியல் விழாவுக்கு முந்திய இரவில் பிள்ளையின் கருவியைத் தாங்களே செய்து முடித்துவிடாதீர்கள். கோணலாக ஒட்டப்பட்டிருந்தாலும் அது பிள்ளையின் கை வேலையாக இருக்கட்டும். தங்கள் பங்கு அருகில் அமர்ந்து, "இதையே உன் தோழன் செய்தால் இயங்குமா?" என்று கேட்பதுதான். அந்த ஒரு கேள்வியை 1934இல் யாரேனும் மின்யேயிடம் அழுத்தமாகக் கேட்டிருந்தால், சில வீடுகளில் அழுகுரல் கேட்காமலே போயிருக்கக்கூடும்.

சிந்திப்போம், செயல்படுவோம்.