மருந்துக் கடைக்குப் பின்னால் ஒரு சங்கம்

வங்கியில் நான் கடன் பிரிவில் இருந்தபோது, மருந்து ஸ்டாக்கிஸ்ட்டுகள் மாதந்தோறும் தரும் ஸ்டாக் ஸ்டேட்மென்ட்டைச் சரிபார்ப்பேன். காலாவதியான சரக்கைக் கழித்துத்தான் டிராயிங் பவர் போடுவோம். கம்பெனி அந்தச் சரக்கைத் திரும்ப எடுக்காவிட்டால் நஷ்டம் ஸ்டாக்கிஸ்ட் தலையில்தான். தனி ஆளாகப் பெரிய கம்பெனியிடம் அவர் என்ன பேசிவிட முடியும்?

அதற்குத்தான் சங்கம். மாவட்ட, மாநிலச் சங்கங்களுக்கு மேலே, அகில இந்திய அளவில் ஏ.ஐ.ஓ.சி.டி. என்ற மருந்து வணிகர் அமைப்பு 1975-ல் உருவானது. காலாவதிச் சரக்கு, மார்ஜின் இரண்டுக்கும் அது கம்பெனிகளிடம் பேசியது. விலைக் கட்டுப்பாட்டில் உள்ள மருந்துக்கு ஸ்டாக்கிஸ்ட்டுக்கு 8%, கடைக்காரருக்கு 16%. மற்றவற்றுக்கு 10%, 20% என்பது வழக்கமாயிற்று.

கூடவே இன்னொரு வழக்கமும் வந்தது. ஓர் ஊரில் புது ஸ்டாக்கிஸ்ட்டை நியமிக்கக் கம்பெனிக்குச் சங்கத்தின் என்.ஓ.சி. வேண்டும். ஏற்கெனவே இருப்பவருக்கு அது பாதுகாப்பு. லைசென்ஸும் முதலும் வைத்துக்கொண்டு காத்திருந்த புதியவருக்கோ பூட்டிய கதவு.

புகார் இந்தியப் போட்டி ஆணையத்துக்குப் போனது. என்.ஓ.சி. கேட்பதும், சங்கமே மார்ஜினை நிர்ணயிப்பதும் 2002-ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டத்துக்கு முரண் என்று 2013 பிப்ரவரியில் ஆணையம் உத்தரவிட்டது. சுமார் 47 லட்சம் ரூபாய் அபராதமும் விதித்தது.

சங்கமே கூடாது என்று ஆணையம் சொல்லவில்லை. உறுப்பினருக்காகப் பேசலாம், அடுத்தவர் தொழில் தொடங்குவதைத் தடுக்கக் கூடாது. ஊருக்கு ஒரே ஸ்டாக்கிஸ்ட் என்றாகி, அவரிடமும் சரக்கு தீர்ந்தால், சீட்டோடு வெறுங்கையாய்த் திரும்புவது நாம்தானே!